செங்காந்தளுக்குப் போகும் கிளை

செடிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் என்ன பூத்திருக்கிறது என்று யாராவது கேட்டால்கூட என் மனைவி ஹம்சாவைத்தான் கூப்பிடுவேன். அவள் தாவரவியல் பேராசிரியை. நான் கணினிக்கு நிரல் எழுதி ஓய்வு பெற்றவன்.

ஒரு செடியின் பெயரைக் கண்டுபிடிக்க அவள் கேள்விகள் எழுதியிருந்தாள். கொடியா, இல்லையா? கொடி என்றால் அடுத்த கேள்வி. ஒவ்வொரு பதிலும் ஒரு கிளை. கிளையின் முனையில் இன்னொரு கேள்வியோ செடியின் பெயரோ இருக்கும். அதைப் போன் செயலிக்காக நான் தரவாக மாற்றினேன். கேள்விக்கு ஓர் எண், இரண்டு பதில்கள், ஒவ்வொரு பதிலும் எங்கே போகவேண்டும் என்ற குறிப்பு. அவ்வளவுதான். கட்டிலில் படுத்தபடி அவள் சொல்வாள், நான் தட்டச்சு செய்வேன். புற்றுநோய் எலும்புக்குப் பரவி, வலி மருந்து கூடிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. “எழுதிண்டேளா? அடுத்ததுக்குப் போலாமா?” என்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டது அந்த மாதங்களில்தான்.

வேலை முடிந்த வாரத்திலேயே போய்விட்டாள். செயலி அவள் பெயரில் வெளிவந்தது. முன்பின் தெரியாதவர்கள் அவளுக்கு நன்றி எழுதினார்கள். தினமும் உட்கார்ந்து படிப்பேன்.

அவளிடம் படித்த அதீபா ஒருநாள் திருவல்லிக்கேணியிலிருந்து வந்தாள்.

“சார், ஒரு இடத்துல ரெண்டு கிளையும் மாறியிருக்கு. இலை நுனி கம்பி மாதிரி சுருண்டிருந்தா செங்காந்தள், கிழங்கு விஷம். இதுல வள்ளிக்கிழங்குன்னு வருது. சாப்பிடலாம்னு வேற போட்டிருக்கு.”

“ஹம்சா சொன்னதத்தான் போட்டேன்.”

“மேடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க சார். டைப் பண்றப்ப மாறியிருக்கும்.”

அங்கேயே உட்கார்ந்து திருத்திவிட்டுப் போனாள். அவள் படி இறங்கியதும் நான் பழையபடி மாற்றினேன். இனி அவளால் திருத்த முடியாதபடியும் செய்துவிட்டேன். மருந்து மயக்கத்தில் ஹம்சா ஒரு இடத்தில் தடுமாறியிருக்கலாம். அதை ஊருக்குக் காட்ட வேண்டுமா? அவள் விட்டுப்போனதில் இன்னொருவர் கை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தனபாலன் ஆதம்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். காலிமனை வேலியில் படர்ந்திருந்த கொடியைப் படம் எடுத்து, குரல் செய்தியோடு செயலி வழியாக எனக்கு அனுப்பியிருந்தார். “சார், பூவு இல்ல. இலை முனை சுருண்டுக்கினு கீது. உங்க ஆப்பு வள்ளிக்கிழங்குன்னு சொல்லுது. வூட்ல ஆக்கலாமா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதீபா காட்டிய அதே இலை. வேண்டாம் என்று எழுதினால், ஹம்சா தவறு செய்தாள் என்று நானே எழுதிக்கொடுத்தது போலாகும். ‘தாராளமாக’ என்று பதில் அனுப்பினேன். பிறகு தயிர் சாதம் சாப்பிட்டேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி லோகநாயகி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். எங்கள் வாசலில் வந்து நின்றபோது அவர் சத்தம் போடவில்லை. “அவ வேணாம்னுதான் சொன்னா சார். படிச்ச அம்மா எழுதினது, துன்னுன்னு நான்தான் தட்டுல வெச்சேன்.” சரியாக வேகவில்லையோ என்னவோ என்றேன்.

தெரிந்தேதான் செய்தேன், இன்ஸ்பெக்டர். லோகநாயகியைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஹம்சாவின் தவறை என் தலையில் போட்டுக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை.

காலையில் ஹம்சாவின் போனில் கிடைத்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். அவள் போன பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன், நீங்களும் போட்டீர்கள். “சுருண்டிருந்தா செங்காந்தள், விஷம். கவனமா போடுங்கோ” என்கிறாள். “போட்டுட்டேன்” என்று என் குரலும் கேட்கிறது. இரண்டும் தெளிவாகத்தான் இருக்கின்றன.

பாவம், மருந்து மயக்கம். மறுநாள் அவளே மாற்றிச் சொல்லியிருப்பாள்.