பெரிய வீட்டுக் கொடிமேடை

ரொம்பக் காலத்துக்கு முந்தி நெடுங்கரைன்னு ஒரு ஊரு. பேருக்குத்தான் ஒரு ஊரு. மேலத்தெரு வேற, கீழத்தெரு வேற. கெணறு வேற, சுடுகாடு வேற. சொல்லவே வாய் கூசுது எனக்கு. ஆனா மருத்துவச்சி மட்டும் ஒருத்திதான். அவதான் எங்க வம்சத்து அங்காயி.

ரெண்டு தெருவுலயும் புள்ளை பொறக்குறது அவ கையிலதானாம். புள்ளைக்குப் பின்னால விழுவுற நஞ்சுக்கொடியச் சட்டியில போட்டு, மூடி, ஏரிக்கரையில பொதைப்பாளாம். எல்லாச் சட்டியும் ஒரே எடத்துல.

ஒருநாளு பெரிய வீட்டு மணியக்காரனுக்குப் பேரன் பொறந்தான். அதே நாளு கீழத்தெரு வீராயிக்கு ரெட்டைப் புள்ளை. ரெண்டு சட்டியையும் பக்கத்துப் பக்கத்துல பொதைச்சா அங்காயி. மூணாம் நாளு பெரிய வீட்டுப் புள்ளை சளி கட்டி, சரியாப் பால் குடிக்கல. சட்டி கெடக்குற எடத்த எவனோ மணியக்காரங்கிட்டப் போட்டுக் குடுத்துட்டான்.

வந்தானாம் குதிச்சுக்கிட்டு. "ஏண்டி, என் வம்சத்துக் கொடியும் அந்த நாய்ங்க கொடியும் ஒரே குழியிலயா? அந்தத் தீட்டுதான் புள்ளையப் புடிச்சிருக்கு. எங்களுத இப்பவே தோண்டிக் கொண்டா. இல்ல, உன் குடிசையப் பிரிச்சுப் போட்டுட்டு உன்னையும் உன் மக்களையும் ஊரவிட்டே தொரத்துவேன்!"

அங்காயி என்ன பண்ணுவா? தோண்டுனா. ரெண்டு சட்டியையும் தூக்கியாந்து சாவடி முன்னால வெச்சா. மூடியத் தெறந்தா. மூணு நாளு ஆன கொடி! நாத்தம்னா நாத்தம், அப்படியொரு நாத்தம். மேலத்தெரு பூராவும் துண்டால மூக்கப் பொத்திக்கிட்டு நின்னானுங்களாம்.

"எதுடி எங்களுது?"ன்னான்.

"ரத்தம் வேற வேறன்னு நீங்கதானே சொல்றீங்க சாமி. உங்க ரத்தம் உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்களே எடுத்துக்கங்க"ன்னாளாம்.

எட்டிப் பாத்தான். இதுவும் அழுகுன சதை, அதுவும் அழுகுன சதை. இதப் பாக்குறான், அதப் பாக்குறான். ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. தெரியலன்னு சொல்லுவானா அவன்? "இதுதான் பெருசா இருக்கு. பெரிய வீட்டுக் கொடி பெருசாத்தானே இருக்கும்!"ன்னானாம்.

பெருசு யாருதுன்னு அங்காயிக்குத் தெரியாதா? ரெண்டு புள்ளைக்கான கொடி பெருசா இல்லாம எப்படி இருக்கும்? மிச்சச் சட்டியக் கொண்டுபோய்ப் பழைய குழியிலயே பொதைச்சுட்டா. அவன் மேளம் அடிச்சு, சூடங் கொளுத்தி, பெருசத் தன் வீட்டு வாசல்லயே பொதைச்சான். நாலு நாளுல சளி எறங்கிப் புள்ளை நல்லாப் பால் குடிச்சுது. உடனே அந்த எடத்துல கல்லு மேடை கட்டிட்டான். சாகுறப்பதான் அங்காயி இதத் தன் மககிட்டச் சொன்னாளாம். அப்படியே எங்க காது வரைக்கும் வந்துச்சு.

நெடுங்கரைக்குப் போனா பாருங்க, பெரிய வீட்டுக் கொடிமேடைன்னு இருக்கும். அந்த வீட்டுல எந்தப் புள்ளை பொறந்தாலும் மொதல்ல அதுமேல கெடத்தி, விளக்கு வெச்சுக் கும்புடுவானுங்க. வீராயி வம்சத்துல எவனாச்சும் தெரியாமத் தொட்டுட்டா, கொடங் கொடமாத் தண்ணி ஊத்தி அந்த மேடையக் கழுவுவானுங்க. த்தூ!