விட்டுப்போன ஆறு கோடுகள்

டிரேசிங் தாளில் வரைபவனுக்குக் கை வியர்க்கக் கூடாது, சார். எனக்கு வியர்க்காது. ஏலக்காய்த் தோட்ட அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் நகலெடுத்தவன். ஓய்வுபெற்ற பின் போடிமெட்டில் நான்கு அறை வைத்து விடுதி நடத்துகிறேன். வரவேற்பறைச் சுவர் முழுக்க இந்த மலையின் நூறு வருடப் பழைய வரைபடங்கள். எல்லாம் என் கைநகல்.

கோபிநாத் என் விடுதிக்கு அடிக்கடி வந்து தங்குபவர்; கோவிந்தாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு, மறைந்துபோன பொதிக்கழுதைப் பாதைகளைத் தேடி நடப்பார். நல்ல மனிதர். சீசனில் வந்தால் ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவருவார். போன மே மாதமும் கொண்டுவந்தார். அன்று தங்கியிருந்த பன்னிரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சுவரில் விரல் வைத்தார்.

"ஏனுங்கண்ணா, இந்த முகடு கொஞ்சம் மேக்கால வரோணுமுங்களே. மூலப்படத்தோட ஒத்துப் பாத்தேனுங்க."

அவர் சொன்னது சரி. இரண்டு மில்லிமீட்டர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாம்பழம் இனிப்பாகத்தான் இருந்தது.

டிசம்பரில் மறுபடி வந்து, தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கும் ஒரு பாதையின் நகல் கேட்டார். அதன் மூலப்படம் என்னிடம் மட்டுமே இருந்தது. வரைந்து கொடுத்தேன். மூலத்தில் ஓரிடத்தில் உயரக் கோடுகள் மயிரிழை இடைவெளியில் நெருங்கி நிற்கும். ஒரு கோட்டுக்கு ஐம்பது அடி உயரம். நெருங்கினால் செங்குத்துப் பாறை, விலகினால் நடக்கலாம். நான் ஆறு கோடுகளை விட்டுவிட்டு, மீதியைப் பரப்பினேன். பார்க்க அழகாக இருந்தது.

இறக்கம் எப்படி என்று கேட்டார்.

"மெதுவாத்தான் இறங்கும், தம்பி. மஞ்சு மூடி வழி தெரியாட்டியும் பேப்பரை நம்பிப் போகலாம்."

போனவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள் தேடப் போனவர்களுக்கு நான்தான் வழி காட்டினேன். நேராக அவர் கிடந்த பாறையடிக்கே கூட்டிப்போனதில்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்சம் சுற்றிப் போயிருக்கலாம். முழங்கால் வலி, சார். அவர் மனைவி பிரதீபா என்னைக் கும்பிட்டு, வீட்டில் எப்போதும் என்னைப் பற்றித்தான் பேசுவார் என்றார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

கோபிநாத்தின் சட்டைப்பையில் இருந்த நகலை இப்போதுதான் காட்டினீர்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'ஓடை வளைவு தப்பு. அண்ணாகிட்ட சொல்லோணும்.'

ஆறு கோடுகளையும் விட்டது நான்தான். அவர் விழுவார் என்று தெரிந்தே விட்டேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஓடை வளைவு சரியாகத்தான் இருக்கிறது, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.