செக்யூரிட்டி மாமாவுக்கு ஒரு ரிங்டோன்

காலையில் மூக்கண்டப்பள்ளியில் ஏறிய கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் சொன்னாள்: "என் போனு அடிச்சா அது என்னைக் கூப்பிடக் கூடாதுக்கா, கேட் செக்யூரிட்டியத்தான் கூப்பிடணும்."

"என்னாடி உளர்ற?"

"போனைக் கேட்லயே பெட்டில போட்டுட்டுத்தான உள்ள போறோம். ஊர்ல எங்கம்மாகிட்ட இருக்கற என் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா ஃபிட்ஸ் வருது. போன வாரம் அஞ்செட்டியிலருந்து எங்கம்மா நாலு தடவ அடிச்சிருக்கு. பெட்டில எல்லா போனும்தான் கத்துது, எத எடுக்கறதுங்கறாரு செக்யூரிட்டி."

"அதுக்கு?"

"அம்மா நம்பருக்கு மட்டும் பாப்பா குரல வச்சிட்டேன். கேளு."

போன் மழலையில் பேசியது: "செக்யூரிட்டி மாமா, பேக்கிங் மஞ்சுளாவக் கூப்புடு. எங்கம்மா."

"அடிப்பாவி! 'கூப்புடுங்க'ன்னு சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

"குடுத்தேங்க்கா. அவ கேட்டாத்தான!"

கம்பெனி கேட்டில் இறங்கினோம். மஞ்சுளா செக்யூரிட்டியிடம் அதைப் போட்டுக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. போனைப் பெட்டியில் போட விடாமல் வாங்கி, சத்தத்தைக் கூட்டித் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"சரி கண்ணு, கூப்பிடறேன்" என்றார், போனைப் பார்த்து.