டேப்புக்கு நிற்காத கடல்பசு

வெயில் காலத்தில் பால்கோவா வாங்கினால் அன்றைக்குக் கிண்டியதுதானா என்று கேட்டு வாங்க வேண்டும், ரேஞ்சர் ஐயா. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தொண்டி போய்ச் சேர மூன்று பஸ் மாற வேண்டும். கெட்டுப்போனதைக் கொடுத்தால் மீனவர்களுக்குக் கழகத்தின் மேல் மரியாதை இருக்காது.

ராஜபாளையத்தில் ஏது கடல் என்று சிரிக்காதவர்கள் குறைவு. ஆனாலும் கடல்பசு பாதுகாப்புக் கழகத்தை எண்பத்தேழில் இங்கேதான் தொடங்கினேன். நான் விலங்கியல் விரிவுரையாளர். தேவநேசன் என்று எந்த மில் வாசலில் கேட்டாலும் சொல்வார்கள்.

கடல்பசு இருக்கிறது என்று நிரூபித்தால்தானே அதைக் காப்பாற்ற முடியும்? பார்த்தேன் என்று யார் வேண்டுமானாலும் கழகத்துக்குத் தபால் கார்டு போடலாம். ஆகவே ஒரு விதி வைத்தேன். மூக்கிலிருந்து வால் வரை டேப் வைத்து அளந்தால்தான் பதிவேட்டில் ஏறும். அளந்து கொடுத்தவருக்கு ஆண்டு விழா மேடையில் பொன்னாடை, கையில் ஒரு கிலோ பால்கோவா.

தொண்டிப் பக்கத்து மீனவர் ஜமால் முகமது முதலில் வலையில் மாட்டியதையெல்லாம் அவிழ்த்து விட்டுவிட்டுக் கார்டு எழுதிக்கொண்டிருந்தார். விழாவுக்கும் வருவார். பொன்னாடை மற்றவர்களுக்குப் போகும்.

"உசுரோட விட்டா எழுத மாட்டியளா சார்?" என்று ஒருமுறை கேட்டார்.

"எம்புட்டு நீளம்னு தெரியாம எப்படி எழுதுறது?" என்றேன். மறு வருஷத்திலிருந்து அவரும் அளந்து கொடுத்தார். அசையாமல் கிடப்பதைத்தான் அளக்க முடியும் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது.

தொண்ணூற்றாறில் போன் செய்தார். தாயும் குட்டியும் மாட்டியிருக்கின்றன, இடுப்பளவுத் தண்ணீரில் வலையோடு கட்டி வைத்திருக்கிறேன் என்றார். "தாயி ரொம்பத் தவிக்குது சார். விட்டுரவா?"

"நான் வாரேன். வச்சிருங்க" என்றேன். போகிற வழியில் பால்கோவாவும் வாங்கிக்கொண்டேன்.

நான் போனபோது தாய்க்கு உயிர் இருந்தது. மூச்சு வாங்கத் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டதில் டேப் நிற்கவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. கடல்பசு மீன் அல்ல ஐயா, நம்மைப் போல மூச்சு விடுவது. தண்ணீருக்குள் கால்மணி நேரம் அமுக்கினால் தாங்காது. வருஷா வருஷம் மாணவர்களுக்கு நடத்துகிற பாடம்தான். நங்கூரக் கல்லை வலையில் கட்டச் சொன்னேன். ஜமால் முகமது மாட்டேன் என்று கரையேறி, அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். நானே கட்டினேன்.

இரண்டே முக்கால் மீட்டர். பதிவேட்டில் பதினொன்றாவது. குட்டி அதன் விலாவை முட்டிக்கொண்டே இருந்தது, பால் குடிக்கிற வயசு. அது பன்னிரண்டாவது.

ஜமால் முகமது உங்களிடம் வந்து அழுதாராம். பொய் சொல்கிற ஆள் இல்லை. அந்த இரண்டையும் கொன்றது நான்தான், மற்ற பத்தும் செத்தது என் டேப்புக்காகத்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கழகத்தின் ஆண்டறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள். அந்தக் குட்டிக்குப் பிறகு மூன்று வருஷமாக அந்தக் கரையில் ஒரு கடல்பசுகூட யார் கண்ணிலும் படவில்லை, வலையில் சிக்கிச் சாகவும் இல்லை. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை விழாவில் எனக்குப் பொன்னாடை. அதுவரைக்கும் வெளியே விட்டுவையுங்கள் ஐயா.