ஆச்சா, மாப்ள?

டாக்டர் கிதிர் முகம்மது: அதெல்லாம் சரி தம்பி. கூட்டாளிக்கு வயிறு இறுகிக் கெடக்குன்னா கூட்டாளிதான வரணும். நீங்க எதுக்கு வந்திய?

நம்பிராஜன்: அவன் வெக்கப்படுதான் டாக்டர்.

டாக்டர்: நாக்க நீட்டுங்க.

நம்பிராஜன்: என் நாக்கயா?

டாக்டர்: அவரு நாக்கு இங்கன இல்லியே. நீங்க செல்லச்சாமி அண்ணாச்சி மருமவன்தான? வாசுதேவநல்லூர் போலீஸ்காரரு. போன வாரம் உங்க கல்யாணப் பந்தியில நானும் சாப்பிட்டேன்.

நம்பிராஜன்: ...மெதுவாப் பேசுங்க டாக்டர்.

டாக்டர்: எப்ப இருந்து?

நம்பிராஜன்: மறுவீட்டுக்கு மாமனார் வீட்டுல கால் வச்சதுல இருந்து.

டாக்டர்: என்ன சாப்பிடுதிய?

நம்பிராஜன்: காலைல இட்லியும் கோழியும். மத்தியானம் ஆடு. ராத்திரி மிச்ச ஆடு. நடுவுல முந்திரிக்கொத்து, அதிரசம்...

டாக்டர்: கீரை?

நம்பிராஜன்: மருமவனுக்குக் கீரை போட்டா தென்காசியே சிரிக்கும்னுட்டாவ.

டாக்டர்: தண்ணியாவது குடிக்கியளா?

நம்பிராஜன்: தண்ணி கேட்டா கலர் சோடா உடைக்காவ.

டாக்டர்: நல்ல உபசாரம். இங்க பாருங்க, தெனமும் போயே ஆவணும்னு சட்டம் ஒண்ணும் கெடையாது. ஒருத்தருக்கு ஒருநாள் விட்டு ஒருநாளும் சரிதான். முக்காம, வலிக்காம போச்சுன்னா நல்ல வயிறு. ஆனா வரும்போது போயிரணும். அடக்குனா கெட்டிப்பட்டுரும்.

நம்பிராஜன்: வருது டாக்டர். அது வார நேரத்துலதான் மாமாவும் வாராவ.

டாக்டர்: எங்க வாராவ?

நம்பிராஜன்: கொளத்தங்கரைக்கு. விடிஞ்சும் விடியாம செம்புல தண்ணியோட நிக்காவ. "வாங்க மாப்ள, போயிட்டு வருவோம்"ங்காவ. புது மருமவனத் தனியா அனுப்புதது அவுக குடும்பத்துல வழக்கமில்லியாம்.

டாக்டர்: சரி, கூட வந்து?

நம்பிராஜன்: அடுத்த பொதருல ஒக்காந்துக்கிட்டு ஊர்க்கத பேசுவாவ. நெல்லு வெல, மழ, இலத்தூர்ல நடந்த அடிதடி... நடுநடுவுல "ஆச்சா மாப்ள?"ன்னு கேப்பாவ.

டாக்டர்: நீங்க?

நம்பிராஜன்: "ஆச்சு மாமா"ம்பேன். "எனக்கும் ஆச்சு"ன்னு அவுகளும் எந்திரிப்பாவ. எனக்கு எங்க ஆச்சு...

டாக்டர்: சிரிப்பு வருது, மன்னிச்சுக்கிடுங்க.

நம்பிராஜன்: குத்தாலத்துக்கும் கூட்டிட்டுப் போனாவ. அருவித் தண்ணி அடிச்சா இளகும்னு வயித்தக் காட்டிக்கிட்டு நின்னேன். பக்கத்துல குளிச்சவன் பைத்தியம்னு ஒதுங்கிட்டான்.

டாக்டர்: வயித்துமேல அடிச்சு என்னத்துக்கு? உள்ள தண்ணி போணும்.

நம்பிராஜன்: இதுல இன்னொண்ணு இருக்கு டாக்டர். என் மூஞ்சியப் பாருங்க.

டாக்டர்: உர்ருன்னு இருக்கு.

நம்பிராஜன்: வயிறு இப்படி இருந்தா மூஞ்சி வேற எப்படி இருக்கும்? ரேடியோப் பொட்டி சீர் வைக்கலன்னு கோவம்னு வீடே பேசுது. எம்பொண்டாட்டி தங்கத்தாய் நேத்துப் பூரா அழுதா. "என்னப் புடிக்கலியா?"ன்னு கேட்டா. புடிச்சிருக்கு டாக்டர், உசிரா இருக்கேன். ஆனா புதுப்பொண்டாட்டிட்ட இத எப்படிச் சொல்ல?

டாக்டர்: வாயத் தொறந்துதான்.

நம்பிராஜன்: நாளைக்கு அவ தாய்மாமன்மாரு கடையத்துல இருந்து பேச வாராவ. "மாப்ளைக்கு என்ன கொற?"ன்னு சபையில கேப்பாவ. நான் என்னத்தச் சொல்ல? பேதி மருந்து குடுங்க. எல்லாத்தையும் முடிச்சிட்டுச் சிரிச்ச மூஞ்சியா ஒக்காந்துருதேன்.

டாக்டர்: பேதிக்குக் குடிச்சா நாளைக்குச் சபையிலயே எந்திரிச்சு ஓடுவிய. வேண்டாம். கீரை, வாழத்தண்டு, கொய்யாப்பழம், நெறையத் தண்ணி. காலைல வெந்நீர் குடிச்சிட்டு நிம்மதியாத் தனியாப் போங்க.

நம்பிராஜன்: அந்தத் தனியாத்தான் கெடையாதே. "நீங்க வராதிய மாமா"ன்னா அவமானப்பட்டுருவாவ... ஆமா, திரைக்கு அங்கிட்டு யாரு இருமுதா?

டாக்டர்: ஒரு நோயாளி. எனிமாவுக்குப் படுத்திருக்காரு. அவருக்கும் இதே கததான்.

நம்பிராஜன்: பாவம். அவருக்கு என்ன காரணமாம்?

டாக்டர்: அண்ணாச்சி, இனியும் நான் மூடி வைக்க முடியாது. நீங்களே சொல்லிருங்க.

திரைக்குப் பின்னால்: ...பக்கத்துல மருமவன வச்சிக்கிட்டு ஒரு மனுசனுக்கு எப்படி மாப்ள வரும்?

நம்பிராஜன்: மாமா... தெனமும் "ஆச்சு"ன்னியளே.

செல்லச்சாமி: நீங்களுந்தான சொன்னிய.

நம்பிராஜன்: அப்ப எதுக்கு மாமா கூட வந்திய?

செல்லச்சாமி: வழக்கம்லா. என் மறுவீட்டுல எங்க மாமனாரும் இப்படித்தான் செம்போட வந்தாவ.

டாக்டர்: அப்ப நீங்க என்ன செஞ்சிய அண்ணாச்சி?

செல்லச்சாமி: விருந்துல பாதியிலயே எங்க ஊருக்கு ஓடிட்டேன். தன்னப் புடிக்காமத்தான் ஓடுனேன்னு ஒங்க அத்த இன்னைக்கும் நெனச்சிக்கிட்டிருக்கா மாப்ள... நீங்களாவது இப்பமே போயி எம்மவட்ட சொல்லிருங்க.