பாய் கடை ஹெட்செட்டு

இல்ல பாய், இன்னிக்கு சண்ட போட வர்ல. நீ எய்ந்திரிக்காதே, குந்து. நான் இங்கயே நின்னுகினு ரெண்டு வார்த்த பேசிட்டு போய்டறேன்.

டீயா? வேணா பாய். நான் பேசுன பேச்சுக்கு நீ டீ வேற சொல்றே பாரு, அதான் இன்னும் அசிங்கமா கீது. சரி, சொல்லு. அர கிளாஸ் போதும்.

இன்னா பாய், கடைல ஈ ஓட்டிகினு கீறே? சாய்ங்காலம் ஆனா இங்க நிக்க எடம் இருக்காதே. எங்க பாடி கம்பெனிக்காரனுங்க ஷிப்டு முட்ச்சிட்டு ஓ.டி. ஸ்டாப்புல எறங்குனா போன தூக்கிகினு நேரா ஒன்கிட்டதான வருவானுங்க. தெரிம் பாய், நீ சொல்ல வேணாம். நாந்தான வாட்சப்பு குரூப்புல போட்டேன். ஒங் கடை போர்ட போட்டோ புட்ச்சி, ஃபயாஸ் பாய் டூப்ளிகேட் மால தலைல கட்றான், ஒருத்தனும் போவாதீங்கன்னு. தகடு அடிக்கற எங்க பிரஸ் ஷாப்பு மொத்தமும் அந்த குரூப்புல கீது. ஒவ்வொருத்தனா கட்ட வெரல காட்னானுங்க. அப்ப எனுக்கு சோக்கா இருந்திச்சி பாய். இப்ப அத்த சொல்லவே நாக்கு கூசுது.

ஆனா வேணும்னு பண்ல, அத்த மட்டும் நம்பு. ரயில்ல போறப்ப பாட்டு கேக்கலாம்னு ஆசப்பட்டு ஒன்கிட்ட ஹெட்செட்டு வாங்கினேன். எடது பக்கம் கரகரன்னுது. கொண்டாந்தேன். பின்னுல அழுக்கு கீதுன்னு பஞ்சுல தொட்ச்சி குட்த்தே. ஊட்டுக்கு போனா அதே கரகர. ஒயரு உள்ள பிஞ்சிருக்கும்னு வேற ஒயரு மாத்துனே. அதே கரகர. அப்பால, ஒயரே வேணாண்ணே, ப்ளூடூத்து எட்த்துனு போங்கன்னு செட்டையே மாத்தி குட்த்தே. அதுலயும் விடாம வருது. நீ ஒங் காதுல மாட்டிப் பாத்துட்டு, நல்லாதாண்ணே கீதுன்னே. அப்ப நான் இன்னா சொன்னேன்? வேணாம், அத்த இன்னொருவாட்டி என் வாயால சொல்ல மாட்டேன். செத்துப்போன ஒங்கப்பாவயும் இழுத்து பேசிட்டேன். மொய்தீன் பாய் இருந்திருந்தா என்ன செருப்பாலயே அட்ச்சிருப்பாரு. அடிக்க சொல்லோ நானும் கம்முனு நின்னுருப்பேன்.

ஊட்லயும் நான் சும்மா இல்ல பாய். ஃபேன நிறுத்தினேன். வைஃபை டப்பாவ புடுங்கினேன். ஃபிரிட்ஜ்லேந்து கரண்டு இழுக்குதோன்னு அத்தயும் ஆஃப் பண்ணேன். எம் பொஞ்சாதி கண்ணம்மா ஆட்டி வெச்ச மாவு பொங்கி கீழ வழிஞ்சிது. இந்த மனுசனுக்கு புத்தி பேதலிச்சி போச்சின்னு தெருவுக்கே சொல்லிகினு வந்தா. எங்க ஊட்டாண்ட ரயிலு போவுதே, அந்த கரண்டு கம்பிதான் வேல காட்டுதுன்னு மொட்ட மாடி ஏறி மூலைக்கு மூல நின்னு பாத்தேன். எம் பொண்ணு தீபிகா வாங்கி காதுல மாட்டிட்டு, ஒண்ணியும் இல்லியேப்பா, கிளியரா கீதேன்னா. நீ இன்னா பாய்க்கு வக்கீலான்னு அவ மேல பாஞ்சேன். துன்றதுக்கு குந்துன புள்ள, தட்ட அப்டியே வெச்சிட்டு எய்ந்து போய்ட்டா.

செட்டா? எட்த்துனு வர்ல பாய். ஊட்லயே கீது. நான் அதுக்கு வர்ல.

நேத்து எங்க கம்பெனிக்கு காது டெஸ்ட்டு வேன் வந்திச்சி. வர்சா வர்சம் வரும். சின்ன கண்ணாடி ரூம்புல குந்த வெச்சி, காதுல பெரிய செட்டு மாட்டுவாங்க. கீய்ன்னு சவுண்டு வந்தா கைல கீற பட்டன அமுக்கணும். ஒன்கிட்ட சொல்றதுக்கு இன்னா, எங்க பிரஸ் ஷாப்புல ஒருத்தனும் சவுண்ட கேட்டு அமுக்க மாட்டான். கண்ணாடிக்கு அந்தாண்ட குந்தினு கீற நர்ஸம்மா மெஷின்ல கை வெக்கறப்ப தோளு லேசா அசையும். தோளு அசஞ்சா அமுக்கு. புச்சா சேர்ற ஆளுக்கு நாங்க மொதல்ல சொல்லிக் குடுக்கறதே இதான். ஃபெயிலானா மெஷின்லேந்து எறக்கி பேக்கிங்குல போட்ருவாங்க பாய். அட்டப் பொட்டிக்கு டேப்பு ஒட்டணும். பிரஸ்ஸு ஓட்னவனுக்கு அது மானக்கேடு. காதுல சொருக மஞ்சளா ஒண்ணு குடுப்பாங்க, அது எல்லார் சட்டப் பாக்கெட்லயும் தூங்கும். தகடு அடி வாங்குற சத்தத்த வெச்சே வேல சரியா, தப்பான்னு சொல்லுவோம் நாங்க. காத அடச்சிகினா அப்பால இன்னா ஆப்பரேட்டருன்னு ஒரு திமிரு.

நேத்து வந்தது புது நர்ஸு. சின்ன பொண்ணு. கண்ணாடிக்கு ஸ்கிரீன இழுத்து உட்ருச்சி. தோளும் தெர்ல, ஒண்ணியும் தெர்ல. செட்ட மாட்டிகினு குந்தினு கீறேன், கரகரன்னுது. எனுக்கு வந்திச்சே கோவம்! கதவ தட்டி, இன்னாம்மா ஒங்க செட்டும் டூப்ளிகேட்டா, வேற குடுங்கன்னு கத்துனேன். வெளிய வரிசைல நிக்கறவனுங்க எல்லாம் சிரிக்கறானுங்க. அந்த பொண்ணு உள்ள வந்து எங் காதுலேந்து செட்ட கழட்டி டேபிள் மேல வெச்சிது. இப்பவும் அந்த சத்தம் வருதாண்ணான்னுச்சி.

வந்துகினுதான் இருந்திச்சி பாய்.

இப்பவும் வருது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்த கததான் எங் கத.

அத்த உடு. இந்தா, இந்த போன புடி. குரூப்புல போடறதுக்கு பேசி வெச்சிருக்கேன். பாய் குட்த்தது நல்ல மாலு, கோளாறு எங் காதுல, நான் பேசுனதெல்லாம் தப்புன்னு. எழுதி போட்டா எம் பொண்ணு போட்டான்னு நெனப்பானுங்க, அதான் கொரல்லயே. இன்னும் அனுப்பல. ஆமா, எங்க சூப்பர்வைசர் கோதண்டமும் அந்த குரூப்புலதான் கீறாரு. கேக்கட்டும். டேப்பு ஒட்டச் சொன்னா ஒட்டிட்டு போறேன், கை நல்லாதான கீது. ஒங் கடைய பாக்க வெக்கப்பட்டுகினு பின்னாடி தெருவ சுத்திகினு ஊட்டுக்கு போறேனே, அதான் பாய் தாங்க முடில.

நீ ஒருவாட்டி போட்டு கேளு. வார்த்த தெளிவா வுழுந்து கீதான்னு பாத்து சொல்லு, இங்கயே அனுப்பிட்றேன். நானும் திரும்பத் திரும்ப போட்டு பாத்துட்டேன். எனுக்கு எங் கொரலும் கரகரன்னுதான் வருது.