மரப்பாலமும் ஐந்தாம் கேள்வியும்

தலைமை ஏற்றுள்ள ஊராட்சித் தலைவர் ஆதித்தன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பாலம் இல்லாமல் ஆறு மைல் சுற்றி நடந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. எழுதி வைத்ததையே வாசிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊராட்சி உறுப்பினர் சங்கிலியம்மாள் அவர்கள், நம் ஓடையின் மரப்பாலத்தை எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பாலம் கட்டக் கேட்டு, 1963 முதல் ஆண்டுக்கு ஒன்றாகப் பதினோரு மனுக்கள் கொடுத்தார். எழுதியவன் நான். புரட்டாசி பிறந்ததும் அவர் கடப்பாரையால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே போவார். உளுத்த கட்டைக்கு ஓசை வேறு.

"குறிச்சுக்கங்க வாத்தியாரய்யா. ஏழு செத்துப்போச்சு. எட்டு இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

நான் கரையில் நின்று குறிப்பேன். பாலத்தில் ஏற எனக்குப் பயம்.

சின்னமனூரில் பஸ் ஏறி, அந்த மனுக்களோடு அலுவலகத்துக்கு அவருடன் போனவர் நம்மில் எத்தனை பேர்? நானும் போகவில்லை.

மனுப் படிவத்தில் ஐந்தாம் கேள்வி: உயிர்ச்சேதம் உண்டா? ஆண்டுதோறும் 'இல்லை' என்று எழுதினேன். ஆண்டுதோறும் 'அவசரமில்லை' என்று பதில் வந்தது. சென்ற ஆண்டு அவர் கேட்டார்:

"ரெண்டு பேரு செத்தாகன்னு எழுதுங்க. யாரு வந்து எண்ணப் போறாக?"

"பொய் எழுத மாட்டேன் அம்மா."

"அப்ப நானே விழுந்துட்டு வாரேன். அதையாச்சும் எழுதுவீகளா?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

பத்து நாட்களுக்கு முன், மலையில் மழை பெய்து ஓடை நிறைந்து ஓடியது. பதினாறாம் கட்டையை அவர் தட்டினார். பாலம் அவரோடு போயிற்று. என் குறிப்பில் பதினைந்து வரை இருக்கிறது.

துக்கம் கேட்க வந்த அலுவலக எழுத்தர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "இப்பக் குடுங்க சார். ஒரே மாசத்துல சாங்ஷன் ஆயிரும்." அன்பாகத்தான் சொன்னார்.

அன்று ஒரு பொய் எழுதியிருக்கலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பேசிய எல்லோரும் சொன்னீர்கள். பன்னிரண்டாம் மனு இதோ. ஐந்தாம் கேள்விக்கு 'உண்டு, ஒருவர்' என்று உண்மையையே எழுதியிருக்கிறேன். முதல் கைநாட்டு எப்போதும் அவருடையது. அந்த இடத்தை விட்டு, அதன் கீழே வையுங்கள்.

நாளைக் காலை நான் கொண்டுபோகிறேன். உடன் வருபவர்கள் கையைத் தூக்குங்கள். எண்ணிக்கொள்கிறேன்.